லில்லிக்குக் காதுச் சோதனை

லில்லி கையைத் தூக்கவே இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு எஸ்டேட் கிளப் நாற்காலியில் துரைசாணி மாதிரி உட்கார்ந்திருந்தது அந்தச் சிம்பன்சி. சத்தம் கேட்டால் கை தூக்கப் பழக்கிய நேற்றைய ஒத்திகையில் கரண்டி விழுந்த சத்தத்துக்குக்கூடக் கை தூக்கிய குரங்கு அது.

"மனிதக் குரங்குக்கு நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தமே கேட்கும். இது செவிடுபோல இருக்கே" என்றார், சோதனை மெஷினோடு வந்திருந்த மிருக டாக்டர்.

சர்க்கஸ் மானேஜர் அர்த்தநாரியின் முகம் சுருங்கியது. "விசில் கேக்காத குரங்க வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? நாளைக்கே வேற கம்பெனிக்கு ஏத்தி உட்டுர்றனுங்க."

லில்லியை வளர்க்கும் வீரபாண்டி முன்னால் ஓடி வந்தான். "பசிங்கய்யா அதுக்கு" என்று இரண்டு வாழைப்பழம் கொடுத்தான். இப்போது தூக்குவதற்குக் கை காலியில்லை.

"கூச்சப்படுதுங்கய்யா. நான் செஞ்சு காட்டுதேன், பாத்துப் படிச்சுக்கிடும்."

ஹெட்போனை மாட்டினான். டாக்டர் குமிழைத் திருப்பினார். அவனுக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆனால் அவன் எழுபத்திரண்டாம் வருஷம் சர்க்கஸுக்கு வருமுன் வண்டிப்பெரியார் தேயிலை ஃபாக்டரியில் பத்து வருஷம் இரைச்சலான ரோலர் மெஷினில் நின்றவன். அங்கே வருஷாவருஷம் காதுச் சோதனை உண்டு. கேட்கவில்லை என்றால் களை வெட்ட அனுப்பிவிடுவார்கள். அதனால் டாக்டர் நிமிர்ந்து பார்த்தாலே எல்லோரும் கையைத் தூக்குவார்கள். பழக்கதோஷம், டாக்டர் நிமிர்ந்தபோதெல்லாம் இவன் கையும் உயர்ந்தது.

"ஏழுக்கு ஏழு. அப்போ மெஷின்ல கோளாறு இல்லை" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

லில்லிக்குத் தானே குழி வெட்டியது வீரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. "மானேஜர் ஐயாவும் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டும்" என்றான்.

மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆஹா, புல்லாங்குழலாட்ட இருக்குதுங்க."

டாக்டரும் மாட்டிப் பார்த்தார். "கணீர்னு இருக்கு. சந்தேகமே இல்லை, குரங்குதான் செவிடு."

லில்லி கொட்டாவி விட்டது. வீரபாண்டிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, எனக்கு ஒண்ணுமே கேக்கலை. பொய்யாத்தான் கையத் தூக்கினேன். காது போனது எனக்குத்தான். என்னைய அனுப்பிருங்க, அதை விட்டுருங்க."

இருவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கிளப்பில் வேலை செய்யும் சின்னத்தாய், தேய்த்த சட்டைகளோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கய்யா. சட்டை தேய்க்க வேண்டி உங்க மெஷின் ஒயரைக் காலையிலயே புடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டிய மாட்டிட்டேன். இப்ப வேலை முடிஞ்சிருச்சு, திருப்பி மாட்டிவிடட்டுமா?"