முதலில் சொன்னவளுக்கு மன்னிப்பு

பேச்சில் என்னை வெல்ல மன்னார்த் தீவில் ஆளில்லை. எழுத்து என்றால் கையெழுத்து வரைக்கும்தான் (அதையும் ஆறுதலாகத்தான் போடுவேன்). ஆனால் நான் வாயைத் திறந்தால் மீன் ஏலம் கூறுகிறவனும் பேச்சை நிறுத்துவான். அந்த வாயால் நான் கெட்ட கதையையும் நானே சொல்வதுதான் சரி. மற்றவர்கள் சொன்னால் உப்புப் போதாது.

எங்கள் கரையில் நண்டு வாங்கும் கம்பெனிக்காரர் எல்லாரும் ஒரே விலைதான் சொல்லுவார்கள். இவரிடம் கட்டாது என்று அடுத்தவரிடம் போனால், நாங்கள் போய்ச் சேர முன்னமே விலை அங்கே போயிருக்கும். நண்டு போய் இறங்கும் நாட்டிலும் இதே கம்பெனிகள்தான் கூடி விலை வைக்கின்றனவாம். இப்போது சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து விசாரிக்கலாம் என்றார்கள். அதை விளக்கி, எங்கள் முறைப்பாட்டையும் கேட்க, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

பெண்கள் சங்கத்தின் தலைவி நான். அன்று நான் ஒழுங்காகப் பேசினால் நண்டுக்கு நியாய விலை, பிசகினால் பழைய கதை. "அக்கா, நீங்கள் எழும்பி நிண்டாலே காணும்" என்றாள், என்னோடு கருவாடு விற்கும் எருக்கலம்பிட்டி ரகுமத்து. நானும் அப்படித்தான் நினைத்தேன். கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு முன் கதிரையில் இருந்தேன். பின் வரிசையில் இரண்டு கம்பெனிகளின் ஆட்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி நல்ல தமிழில் சொன்னார். வியாபாரிகள் கூடி விலை வைப்பது குற்றம். எந்த நாட்டில் இருந்து செய்தாலும் இனித் தப்ப முடியாது. ஆனால் அப்படிக் கூடி விலை வைத்தவர்களில் ஒருவர் முதலாவதாக வந்து உண்மையைச் சொன்னால், அவருக்குத் தண்டனை இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது எங்கள் கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனம் அல்லவா? சின்ன வயதிலிருந்து செய்து பழகிய வேலை. முழந்தாளில் நிற்காத குறையாக எழும்பினேன். நண்டு அடியோடு மறந்துபோயிற்று.

"ஐயா, நாங்களும் கூடித்தான் விலை வைக்கிறனாங்கள். திருநாளுக்குச் சனம் வாற நேரம் கருவாட்டுக்கு ஒரே விலை. ஒருத்தியும் குறைக்கேலாது."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "குறைச்சால்?"

அதோடு இருந்திருக்கலாம். பெருமை விட்டால்தானே. "குறைச்சவள் வெயில்லை காயப்போட்ட கருவாட்டுக்கு ஒருத்தரும் காகம் கலைக்க மாட்டம். ஒரு கிழமையிலை வழிக்கு வந்திடுவாள்."

மண்டபமே சிரித்தது (எங்கள் பெண்களைத் தவிர). ரகுமத்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, மன்னிப்பு உங்களுக்கு மட்டுந்தான். நாங்கள் எங்கை போறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாரையும் பாவத்தில் மாட்டிவிட்டு நான் தனியே மோட்சத்துக்கு ஏறியிருக்கிறேன்.

அதிகாரி சிரித்து ஓய்ந்தபின், காகத்துக்காக ஒருவரையும் பிடிக்க மாட்டோம், இந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு என்றார். அந்த நேரம் பின் வரிசையில் கதிரை சரிந்தது. கம்பெனி ஆள் ஒருவர் எழும்ப, மற்றவர் அவருடைய சட்டையைப் பிடித்தார். பிறகு இரண்டு பேரும் இடிபட்டுக்கொண்டு அதிகாரியின் மேசைக்கு ஓடினார்கள். முதல் ஆளாக வேண்டுமே.

விசாரணை இன்னும் நடக்கிறது. ஆனால் இப்போது இரண்டு கம்பெனியில் இரண்டு விலை கேட்கிறது. அதற்குக் காரணம் என் வாய்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிவதில்லை (கேட்டால் சொல்லுவேன்).

எங்கள் பெண்களும் நீதி தவறாதவர்கள். அந்தக் கிழமை முழுக்க என் கருவாட்டுக்கு ஒருத்தியும் காகம் கலைக்கவில்லை. என் மனுசன்தான் தடியோடு வெயிலில் இருந்தார்.

அவர் அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டில் கோப்பை உடைந்தால், "நான்தான் முதல் சொன்னனான்" என்று என் முன்னால் வந்து நிற்பார். பேரப்பிள்ளைகளுக்கும் அதையே பழக்கிவிட்டார். முதலில் வந்தவருக்கு மன்னிப்பு, பிந்தியவர் கூட்டி அள்ள வேண்டும். முந்துகிற அவசரத்தில் இன்னொரு கோப்பையும் உடைவதுண்டு.