தனுஷ்கோடி மெருகு போட்ட கட்டுரை

மகளைக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது என்று தனுஷ்கோடி தீர்மானித்துவிட்டார். பலமான தீர்மானம். எவ்வளவு பலமென்றால், மனைவி ராமலட்சுமி காதில் விழும்படி அதைச் சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

அறுபத்தாறாம் வருஷம், ஜூன் மாதம். பாளையம்பட்டியில் அவர் வத்தல், மல்லிக் கடை வைத்திருந்தார். ஒரே மகள் கோகிலாம்பாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். மதுரையில் ஒரு பெண்கள் காலேஜிலிருந்து விண்ணப்பப் பாரம் வரவழைத்தாள். அந்தக் காலேஜுக்கு மார்க்கு மட்டும் போதாது. ‘நானும் என் படிப்பும்’ என்று இரண்டு பக்கம் கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். கடைசித் தேதி இருபது.

“வயசுப் பிள்ளைய வெளியூர்ல விடலாமா?” என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதெல்லாம் வெளிப்பேச்சு. ஏழு வயதிலிருந்து தினமும் காலையில் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவள் கோகிலா. அவள் வாயால் கேட்டால்தான் அவருக்கு அது செய்தி. அவள் போய்விட்டால் அந்தக் காலை நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆம்பளை இதை வெளியே சொல்ல முடியுமா?

வேறு வழி தோன்றியது. யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் வாழ்த்துமடல் எழுதுவது அவர்தான். பரளச்சி வரைக்கும் அவர் தமிழுக்குப் பேர் உண்டு. அவர் மடலை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பந்தி எழுந்துவிடும். கட்டுரையைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, இருபதாம் தேதி தாண்டும்வரை திருத்திக்கொண்டே இருந்தால் போயிற்று.

“பிள்ள எழுதுனத அப்படியே அனுப்புனா நம்ம மானம் போயிரும். கொஞ்சம் மெருகு போட்டுத் தாரேன்” என்றார்.

சண்டை வருமென்று எதிர்பார்த்தார். வரவில்லை.

“அதச் செய்யுங்க. ஒங்க தமிழு சும்மா கெடந்து என்ன செய்ய?” என்றாள் ராமலட்சுமி. “அதுக்கு முன்னாடி இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கட்டுரையில எறங்கிட்டா அப்புறம் ஒங்களப் பிடிக்க முடியாது.”

கட்டுரை இல்லாத பாரம் எதற்கு ஆகும்? தாராளமாகப் போட்டார். அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

மறுநாள் வேலை ஆரம்பமானது. ‘எங்கள் ஊரில் மழை குறைவு. மழை பெய்தால் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள். அதனால் மழை வேண்டுமா, வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்’ என்று கோகிலா தொடங்கியிருந்தாள். அதை அடித்துவிட்டு, ‘கல்விக் கடலில் கலமேறிக் களித்திடக் கருதும் கன்னி யான்’ என்று எழுதி உரக்க வாசித்தார்.

“கலமுன்னா?” என்றாள் ராமலட்சுமி.

“கப்பலு.”

“கண்மாயில கழுத மேயுது. நம்ம பிள்ள எங்க போயிக் கப்பலு ஏறுனா?”

“அது அணி. ஒனக்குப் புரியாது.”

“அணியா? எங்கழுத்துக்கு ஒண்ணத்தையும் காணோம். கட்டுரைக்குப் பூட்டுறீகளாக்கும். பூட்டுங்க, பூட்டுங்க.”

ஒரு நாளைக்கு நாலைந்து வரி என்று பூட்டினார். கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பேப்பர் வாசித்தாள், போனாள். ஐந்தாம் நாள் இரண்டாம் பக்கத்துக்கு வந்தார்.

‘ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சையன்று எனக்குக் காய்ச்சல். அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். பரீட்சை முடியும்வரை வெயிலில் நின்றார். நான் நிமிர்ந்தபோதெல்லாம் ஜன்னலில் அப்பா தலை தெரிந்தது.’

‘தலை’யைச் ‘சிரம்’ ஆக்கினார். நன்றாக இல்லை. மறுபடி தலையாக்கினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“என்ன, நின்னுட்டீக?”

“அன்னைக்கு வாத்தியாரு என்னைய ரெண்டு தடவ வெரட்டுனாரு. பிள்ளைக்கு விடை சொல்லிக் குடுக்கேன்னு நெனச்சுட்டாரு.”

“எனக்கு விடை தெரியாதுன்னு சொல்றதுதான?”

“சொன்னேன். நம்பலயே!”

ராமலட்சுமி சிரித்தாள். முறத்திலிருந்த பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “திருச்சுழியில என்னைய அஞ்சாப்போட நிறுத்துனாக. சிலேட்ட வாங்கித் தம்பி கையில குடுத்துட்டாக. அதுல ஓரமா எம்பேரக் கீறி வச்சிருந்தேன். அவன் மண்ணு போட்டுத் தேச்சுத் தேச்சுப் பாத்தான். போகல.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இது அவருக்குத் தெரியாது. அவரும் கேட்டதில்லை. கடைக்குப் போனார். மல்லியை எடை போடும்போதும் சைக்கிள் கைப்பிடியில் சாய்ந்திருந்த காய்ச்சல்காரப் பிள்ளையின் சூடு கையில் ஒட்டியிருப்பது மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு கட்டுரையில் ஒரு எழுத்தை அவரால் தொட முடியவில்லை. கடைசித் தேதி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இருபதாம் தேதி காலை. கோகிலா பேப்பர் வாசித்தாள். அன்றைக்கும் அவள் கட்டுரையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பேப்பரை மடித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தன்னுடைய கடல், கலம், கன்னி எல்லாவற்றையும் சரசரவென்று அடித்தார். ‘முதலில் எழுதியிருந்ததே சரி. இப்படிக்கு, தகப்பன்’ என்று ஓரத்தில் குறித்தார்.

“ராமலச்சுமி! பாரம் எங்க? தபால்ல போட்டா இன்னைக்குப் போயிச் சேராது. நானே மதுரைக்குப் போயிக் குடுத்துட்டு வாரேன்!”

“இந்தாங்க, பத்திரமா ஒட்டி வச்சிருக்கேன்” என்று ஒரு கவரை நீட்டினாள் அவள். இவ்வளவு சீக்கிரம் கவர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார். மதுரையில் வழி கேட்டு, வேர்த்து விறுவிறுத்து, காலேஜ் ஆபீசில் இருந்த அம்மாளிடம் கவரையும் கட்டுரையையும் நீட்டி, “லேட்டாயிருச்சு, மன்னிக்கணும். தப்பெல்லாம் என்னோடது. பிள்ள தங்கமான பிள்ள” என்று கும்பிட்டார்.

அந்த அம்மாள் கவரைப் பிரித்தார். வாசித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கோகிலாம்பாள் பாரமும் கட்டுரையும் பத்தாந்தேதியே வந்துருச்சே. மழை வேணுமா வேண்டாமான்னு எழுதியிருந்த பொண்ணுதான? எங்க பிரின்ஸ்பாலம்மா வாசிச்சுட்டு, இந்தப் பொண்ணுக்கு எடம் உண்டுன்னு குறிச்சே வச்சுட்டாங்க.”

“அப்ப, இந்தக் கவர்ல?”

“ஒங்க வீட்டம்மா லெட்டரு” என்று அவரிடமே கொடுத்தார்.

அஞ்சாப்புக் கையெழுத்து, பெரிது பெரிதாக:

‘அம்மா அவர்களுக்கு வணக்கம். இதைக் கொண்டுவருகிறவர் கோகிலாவின் அப்பா. பிள்ளையைப் பிரிய மனசில்லாமல் பத்து நாளாகக் கட்டுரை திருத்தினார். பிள்ளை வேறு தாளில் எழுதி வைத்திருந்ததை அன்றைக்கே பாரத்தோடு அனுப்பிவிட்டேன். அவர் தானாக மனம் மாறி வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளை தங்கப்போகிற ஆஸ்டலை வாசல் வரைக்குமாவது காட்டவும். கண்ணால் பார்த்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். திரும்பும்போது மதுரையிலேயே பச்சை நிறத்தில் ஒரு தகரப் பெட்டி வாங்கி வரச் சொல்லவும். பூட்டு சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்கச் சொல்லவும். சொன்னால்தான் அவருக்குத் தோன்றும்.’