மனச்சித்தர் மாட்டியிருந்த சர்டிபிகேட்

இதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லவும் தயார். கற்பூரம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மூடிக்கிடந்த டயர் கடையில் மனச்சித்தர் டாக்டர் ஜானகிராமன் வந்து உட்கார்ந்த நாள்முதல், அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. விழுப்புரத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பயம், தூக்கமின்மை, பரீட்சைக் காய்ச்சல், பெண்டாட்டி பேச்சைக் கேட்கும் மகன்: எல்லாவற்றுக்கும் ஒரே எலுமிச்சம்பழம்.

வாசலில் போர்டு. மனசு டாக்டர்களில் நாலு கிரேடாம். கடைசி கிரேடு, மாத்திரை எழுதுகிறவர். அதற்கு மேலே, பேசிக் குணமாக்குகிறவர். அதற்கும் மேலே, காது கொடுத்துக் கேட்கிறவர். எல்லாருக்கும் மேலே மனச்சித்தர். அவர் பேசவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

ஆதாரம் இல்லாமலா? முதுகுக்குப் பின்னால் சுவரில், தங்கநிறச் சட்டத்துக்குள் நீல முத்திரையோடு ஒரு பிரெஞ்சு சர்டிபிகேட். நம் ஊரில் தமிழில் எழுதியதைச் சந்தேகப்படுவோம், இங்கிலீஷில் எழுதியதை வாசிப்போம், பிரெஞ்சில் எழுதியதைக் கும்பிடுவோம்.

செல்வாம்பாள் தன் மகன் கமலக்கண்ணனை அங்கே அழைத்து வந்தாள். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்க்கும் அவனுக்கு, ஆறு மாதத்துக்கு முன் ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி மாத்திரையில் இப்போது தூங்குகிறான், ஷிப்டுக்கும் போகிறான். ஆனால் கொடுத்தவர் கடைசி கிரேடு டாக்டராயிற்றே என்பது தாயின் கவலை.

மனச்சித்தர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரைதான் கெட்ட காற்றை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறதாம். இன்றே நிறுத்தி, அட்டையைக் கடலில் போட்டால் வெள்ளிக்கிழமை இறங்கிவிடுமாம். கூட்டம் தலையாட்டியது. மாத்திரை கூட்டத்துடையது இல்லையே.

கூட வந்த மருமகள் சிவசங்கரி மட்டும் தலையாட்டவில்லை. முன்பு நாலே நாள் மாத்திரையை விட்டபோது, குரல் திரும்பி வந்து புருஷனை ஈ.சி.ஆர். ரோட்டில் லாரிக்கு எதிரே நடக்க வைத்ததைப் பார்த்தவள் அவள்.

“அத்தை, போர்டுல போட்டாப்ல மேல கீழன்னு அடுக்க இது மாடிப்படி இல்ல. ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். டாக்டருக்குப் படிச்சு, மேல மனநலமும் படிச்சவருதான் சைக்கியாட்ரிஸ்ட். மாத்திரை எழுதறது, நிறுத்தறது அவரு வேலை. சைக்காலஜிஸ்ட் சோதிச்சுப் பாப்பாரு, பேச்சு வைத்தியம் பண்ணுவாரு. கவுன்சிலர் கஷ்டத்தக் கேட்டு வழி சொல்லுவாரு. ஒரே வீட்டுல கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வேலை செய்யறாப்ல. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு.”

“நீ கம்முனு இரு. இவரு பிரான்ஸ்ல படிச்சவரு.”

“அப்ப அந்தச் சர்டிபிகேட்ட அவரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

மனச்சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். வாய்விட்டுப் படித்தால் சக்தி குறையுமாம்.

“எனக்குக் குறையறதுக்கு ஒண்ணும் இல்ல, நானே படிக்கிறேன்” என்று எழுந்தாள் சிவசங்கரி.

வெளியூர்க்காரரான மனச்சித்தருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. புதுச்சேரியில் எத்தனையோ பிள்ளைகள் ப்ளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கும். அதில் இவளும் ஒருத்தி.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். “எட்டு வயசு மிஷேல், யாரும் பிடிச்சுக்காம இருபத்தஞ்சு மீட்டர் நீந்தினதுக்காக நீச்சல் பள்ளியில குடுத்தது.”

வரிசையில் நின்ற பலராமன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர், கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போனார். “சரிதான். பையன் மல்லாக்கவும் நீந்தியிருக்கான்.”

சண்டே மார்க்கெட்டில் சட்டம் அழகாயிருந்ததென்று வாங்கியதாக மனச்சித்தர் ஒப்புக்கொண்டார். பிறகு பின்வாசல் வழியாக அவர் போன வேகத்துக்கு மிஷேலே சர்டிபிகேட் கொடுத்திருப்பான்.

கமலக்கண்ணன் மேஜையிலிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்றான். செல்வாம்பாள் மருமகளிடம் மெதுவாக, “அடுத்த தபா ஆஸ்பத்திரிக்கு எப்ப வரச் சொன்னாங்க?” என்றாள்.

ஆகவே மக்களே, கும்பிடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். வயதானவன் சொல்கிறான் என்பதற்காக எதையும் நம்பித் தொலைக்காதீர்கள். இது நடந்த மாதம் முழுக்க நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன்.