மேட் காரின் நீராட்டு நாள்

"சார், எனக்கு அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வேணும். இப்பவே வேணும்."

மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இத்தனை விபரீதமான வாக்கியம் எந்த அறையிலும் ஒலித்திருக்காது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நின்றுகொண்டு, மேலாளரின் முகத்துக்கு நேரே, ஒரு பெண் தண்ணீர் கேட்டுவிட்டாள்! வேலைக்குச் சேர்ந்த அன்றே ஸ்டோர்கீப்பர் அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டு எச்சரித்திருந்தார்: "லீவு கேளு, புரமோஷன் கேளு, ஏன், அவரு நாற்காலியையே கூடக் கேளு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கேட்டுடாதேம்மா. அது காருக்கு."

அது சாதாரணக் கார் அல்ல, மேட் கார். ஊரெல்லாம் பளபளப்புக்குப் பணம் கொடுக்கும்போது, பளபளக்காமல் இருப்பதற்காக மேலாளர் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை அரைகுறையாகக் காய்ந்தால் எப்படியிருக்கும், அந்த நிறம். முதல் நாள் அதைப் பார்த்த வாட்ச்மேன், "பெயின்ட் அடிக்கிறதுக்குள்ள அவசரப்பட்டு எடுத்துட்டு வந்துட்டீங்களா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மறுநாளே அவரைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் கிடையாது. பாவம், சுவரைக் காத்தார்.

மேட் காரை வளர்ப்பது ஒரு தவம். மெழுகு பூசக் கூடாது. தேய்க்கவே கூடாது, தேய்த்த இடத்தில் பளபளப்பு வந்துவிடும், வந்தது போகாது. காக்கை எச்சமிட்டால் காய்வதற்குள் ஒற்றி எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் உப்பு வட்டவட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அந்த வண்டி காய்ச்சி வடித்த நீரில் மட்டுமே நீராடியது. கடையில் கேனில் விற்பதை மேலாளர் நம்பவில்லை. பரிசோதிக்காத தண்ணீரை வண்டிமேல் ஊற்ற அவர் என்ன மனசாட்சி இல்லாதவரா? ஆய்வகத்தில் வடிநீர்க் கருவி ஒன்று இருந்தது. குடுவை கழுவவும் கரைசல் கலக்கவும் விவரமில்லாத யாரோ வாங்கிப் போட்டது. மேலாளர் வந்த பிறகுதான் அதற்கு ஒரு 'லட்சியம்' கிடைத்தது. வெளியில் வாங்கிய வடிநீரை ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மட்டும் அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

சென்ற மாதம் ஸ்டோர்கீப்பர் அண்ணன் பின்கதவில் ஒட்டியிருந்த பூச்சியைச் சட்டைக் கையால் துடைத்துத் தொலைத்தார். பொத்தான் அளவுக்கு அங்கே ஒரு பளபளப்பு பிறந்தது. மூவர் அடங்கிய 'பளபளப்பு விசாரணைக் குழு' ஐந்து முறை கூடியது. பூச்சி தானாக வந்ததா, ஏவிவிடப்பட்டதா என்பதில் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை.

வேதியியலில் முதல் வகுப்பில் தேறிய நம் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? 'வான்வழி அபாயக் கண்காணிப்பு'. அதாவது ஜன்னலோரம் உட்கார்ந்து காக்காய் பார்ப்பது. அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். அதற்காக அம்மா விற்ற வளையல் இரண்டும் காக்காய் பார்க்கத்தான் போயின.

இப்போது அவள் மேசையில் நான்கு பாட்டில்கள் இருந்தன. அவள் தெருக் குழாயில் பிடித்த தண்ணீர். மூன்று வாரமாக மஞ்சளாக வருகிறது. எட்டுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தன. "நம்ம பொண்ணு தண்ணிக்கே படிச்சிருக்கு, அவ பாத்துக்குவா" என்று தெரு அவளை நம்பி இருந்தது. தண்ணீர் கெட்டது என்று ஐந்து மணிக்குள் ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் குடிநீர் அலுவலகம் குழாயை மூடிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பும். இல்லாவிட்டால் அதே குழாய்தான்.

காலையில் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள்: "பதமா கேளுடி. மூஞ்சிய அப்படி வச்சுக்காம கேளு." பதமாகத்தான் கேட்டாள். மூஞ்சிக்கு வேறு வைப்பு தெரியாது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க சார். அதான் ரெண்டு வருஷமா கேக்கலை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழக்கிழமை என்ன?"

"வண்டி குளிக்கிற நாள்."

"எல்லாம் தெரிஞ்சுகிட்டே கேக்குற. ஒரு வாரம் பொறுத்துக்க முடியாதா?"

"பிள்ளைங்க வயிறு பொறுக்காது சார்."

"உணர்ச்சிவசப்படாதேம்மா. எனக்கு மட்டும் மனசு இல்லியா? முந்தாநாள் பானெட் மேல ஒரு காக்கா…" அவர் குரல் தழுதழுத்தது. "நீ அப்ப சாப்பிடப் போயிருந்தே."

"டெஸ்ட் பண்ணாம குடிநீர் ஆபீசுக்கு என்ன சார் எழுதுவீங்க?"

"டெஸ்ட் எதுக்கு? அனுபவம் இருக்குல்ல." அவர் பாட்டிலை அரை நொடி பார்த்தார். "தண்ணி மாதிரிதான் இருக்கு." இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து அவள் நீட்டிய படிவத்தில் ஒரு குத்துக் குத்தினார்: 'குடிக்க உகந்தது'.

அவள் முத்திரையை இரண்டு முறை படித்தாள். எதையும் அவள் இரண்டு முறை படித்தால் ஆபத்து என்று வாசலோரம் நின்ற ஸ்டோர்கீப்பர் அண்ணனுக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் அவள், ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு. "நல்ல தண்ணின்னு நீங்களே குத்திட்டீங்க. வண்டிய இன்னிக்கு இதுலயே குளிப்பாட்டிடலாம்."

விறுவிறுவென்று படியிறங்கினாள். மேலாளர் பின்னால் ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மூடி திறந்த பாட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அந்த நெருக்கடியிலும் முதுகு வண்டிமேல் படாமல் பார்த்துக்கொண்டார்.

"வேணாம்! மஞ்சளா இருக்கு பாரு! இரும்பு இருக்கும்!" மூக்கை நீட்டி முகர்ந்தார். "சாக்கடை வாடை வேற அடிக்குது! பெயின்ட்ட அரிச்சிடும்மா!"

"இப்பதானே சார் குடிக்கலாம்னீங்க?"

"குடிச்சா என்ன? உள்ளதானே போகுது, யாரு பாக்கப் போறா? இது வெளிய தெரியுமே!"

அவள் பாட்டிலை மெதுவாக மூடினாள். "நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கு யாராச்சும் தெரியாம ஊத்திட்டா என்ன பண்றது? எழுத்துல குடுத்துடுங்க சார்."

மேலாளரின் கண் கலங்கியது. "ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ பொறுப்பா பேசியிருக்க" என்றவர், ஸ்டோர்கீப்பர் அண்ணனை அலுவலகத் தாளும் அலுவலக முத்திரையும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே நின்றபடி எழுதினார். ஆய்வகத் தாளில் சொந்தக் காரைக் குறிப்பிட்டால் மேலிடத்தில் கேட்பார்கள் என்பதால், அனுபவசாலி, காரை மட்டும் விட்டுவிட்டார்:

'மேற்படி தெருக் குழாய் நீர் மஞ்சள் நிறமும் சாக்கடை நாற்றமும் அரிக்கும் தன்மையும் கொண்டுள்ளது என நேரில் அறியப்பட்டது. இதன் பயன்பாடு உடனே நிறுத்தப்பட வேண்டும். மிக அவசரம்.'

கையெழுத்து. முத்திரை. தேதி. இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவர் பார்த்து, முகர்ந்து, பதறி எழுதிய முதல் ஆய்வறிக்கை.

அவள் தாளை வாங்கி நான்காக மடித்தாள்.

"சரி, மேல போ. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வா" என்றார் மேலாளர், வியர்வை வண்டிமேல் சொட்டாமல் இரண்டடி தள்ளிப்போய்த் துடைத்துக்கொண்டே.

"வர மாட்டேன் சார்." அந்த முடிவு படியில் இறங்கும்போதே எடுத்தாகிவிட்டது.

"ஏம்மா? நான் என்ன கெட்டவனா?"

"சேச்சே, உங்கள மாதிரி நல்லவர் யாரு சார்? கெட்ட தண்ணி ஒரு சொட்டு படக் கூடாதுன்னு உசுரக் குடுத்து நிக்கிறீங்க. எங்க தெருப் பிள்ளைங்கதான் உலோகத்துல பொறக்காம போயிடுச்சுங்க."

மணி நாலரை. அவள் கேட்டைத் தாண்டி, குடிநீர் அலுவலகம் இருக்கும் திசையில் நடந்தாள்.