கழுத்துத் தலையணையும் காப்புக் கயிறும்

ஓய்வாக இருப்பதற்குத் திட்டம் போடுகிறவனுக்கு வாழ்க்கையில் ஓய்வே கிடையாது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மஞ்சள் கயிற்றால் கட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி செல்வி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹைதராபாத்தில் சார்மினார் பக்கத்தில் ஒரு தெரு முழுக்க வளையல் கடைகளாம். அந்தத் தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும். வளையல் வாங்கக்கூட வேண்டாமாம் (இதை நான் நம்பவில்லை). ஒரு வருடம் நெல் அறுப்பு குறுக்கே வந்தது. இன்னொரு வருடம் மிளகாய்ப் பழம் பறிப்பு. மற்ற வருடங்களில் என் சோம்பேறித்தனம். கடைசியில் அவள், "இந்தத் தடவையும் போகலைன்னா இனிமே நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது.

உடனே திட்டத்தில் இறங்கினேன். வயலில் களையெடுக்கக்கூட அவ்வளவு கவனமாக இறங்கியதில்லை. பழைய ஊர், பெரிய பஜார், முதல் பயணம்; அலையக் கூடாது, நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முதல் நாள் காலை இரானி டீ மட்டும். மதியம் பிரியாணி, அதன்பின் தூக்கம். பஜாருக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான். நடுநடுவே 'சும்மா உட்கார்ந்திருத்தல்' என்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தேன்.

"சும்மா உக்கார ஹைதராபாத்துக்கு எதுக்குப் போகணும்? நம்ம வீட்டு வாசல் பத்தாதா?" என்றாள் செல்வி.

ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நிதானப் பயணத்துக்கு மகுடமாக, கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்கிற தலையணை ஒன்றையும் ஆன்லைனில் வரவழைத்தேன். சாம்பல் நிறம். வீட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டே இரண்டு நாள் நடமாடிப் பழகினேன்.

ஆடி மாதத்தில் டிக்கெட் எடுத்தேன். ராமநாதபுரத்துக்கு மேற்கே உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரில் ஆடியில்தான் வயல் வேலை இருக்காது. அதனாலேயே அம்மன் கோயில் முளைப்பாரித் திருவிழாவும் ஆடியில்தான். ஆனால் முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு என்ற தகராறில் இரண்டு வருடமாகத் திருவிழா நின்றுபோயிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சண்டையை எடுத்தால் லேசில் விட மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் டிக்கெட்டே எடுத்தேன். படுபாவிகள், நான் கிளம்புகிற வாரம் பார்த்துச் சமாதானமாகிவிட்டார்கள். நாங்கள் ரயில் ஏற வேண்டிய அதே செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் காப்புக் கட்டு.

காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்கள், எட்டு நாள் திருவிழா முடிகிற வரை இரவு வெளியே தங்கக் கூடாது. அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டவர்களை இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் செய்யாது. ஆகவே மதியச் சாப்பாட்டுக்கே செல்வியைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் அவள் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மனையே ஏமாற்றிவிட்ட மிதப்பு எனக்கு.

டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, தலையணை ஊரில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

"கெடக்கு விடுங்க. ஒரு சேலையச் சுருட்டித் தாரேன், தலைக்கு வச்சுக்கங்க" என்றாள் செல்வி.

சேலைச் சுருட்டில் படுத்துக்கொண்டு போவது நிதானப் பயணமா? "போனதும் வந்துருவேன்" என்று சகலையின் பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தேன்.

வீட்டைத் திறந்தேன், தலையணையை எடுத்தேன். வண்டி ஓட்ட இரண்டு கையும் வேண்டுமே என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கதவைப் பூட்டும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு எதையும் தொடங்கி அறியாத எங்கள் ஊர், அன்றைக்கு மட்டும் முன்கூட்டியே தொடங்கிவிட்டது. ஊரைவிட்டு வெளியேற இருப்பது ஒரே ரோடு. அது கோயில் வாசல் வழியாகத்தான் போகிறது.

தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். கழுத்துத் தலையணை மாட்டியவனால் தலையைக் குனிய முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏலே முருகேசா!"

கோயில் காரியங்களை முன்நின்று நடத்துகிற என் பெரியப்பாதான். வகையறாவுக்கு ஓர் ஆள் காப்புக் கட்ட வேண்டும். எங்கள் வகையறாவில் அது என் முறை. நான் ஊரில் இல்லை என்று என் சித்தப்பா மகனை நிறுத்தியிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்ததும் நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான் (அவன் வீட்டில் அன்றைக்குக் கோழிக் குழம்பு).

"பாத்தியளா! வெளியூரு போனவனையே ஆத்தா இழுத்துக்கிட்டு வந்துட்டா!" என்றார் பெரியப்பா. பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இல்ல பெரியப்பா, நான் தலகாணி எடுக்க வந்தேன்."

"அத ஒன்ன மறக்க வச்சது யாருங்கிறேன்? ஆத்தாதானடா!"

நான் வண்டியைக் கிளப்பியிருந்தால், இரண்டு வருடம் கழித்துத் தீர்ந்த தகராறு என் பெயரில் மறுபடி தொடங்கியிருக்கும். கையை நீட்டினேன். மஞ்சள் கயிற்றைக் கட்டி, தலையணைக்கு மேலேயே மாலையையும் போட்டார்கள். சித்தப்பா மகன் போட்டோ எடுத்தான்.

செல்வி அதற்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டிருந்தாள். போன் செய்தேன்.

"காப்புக் கட்டிட்டாக."

"யாருக்கு?"

"எனக்கு."

மதுரையைத் தாண்டித் தனியாகப் போயறியாதவள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

"சரி, நான் போயிட்டு வாரேன்" என்றாள்.

"தனியாவா?"

"பின்ன? தொணைக்குத் தலகாணியவா கூட்டிட்டுப் போக? அதும் ஒங்ககிட்டதான இருக்கு."

போய்விட்டாள். மறுநாள் காலை போன் வந்தது. என் பெர்த்தில் பெரியபட்டினத்து அம்மா ஒருவர் வந்திருக்கிறாராம், ஹைதராபாத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறாராம். "நல்லாப் பழகுறாக. பஜாருக்கு அவுகளே கூட்டிட்டுப் போறேன்னுட்டாக." அதோடு என் திட்டம் செத்தது. பிறகு வந்த வீடியோக்களில் செல்வி காலை வெயிலிலேயே பஜாருக்குள் அலைந்துகொண்டிருந்தாள். கை நிறைய வளையல், முகம் நிறையச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

இங்கே நான் கோயில் வாசலில் எட்டு நாளும் சும்மா உட்கார்ந்திருந்தேன். திட்டத்தில் அந்த ஒரு பகுதி மட்டும் அப்படியே நிறைவேறியது. ஒரு வேளைச் சாப்பாடு, கவிச்சி கிடையாது. காப்புக் கட்டியவர்கள் வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும். தலைக்கு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும், "தலகாணி எடுத்தாச்சா?" என்று கேட்டுத்தான் வழியனுப்புகிறார்கள். மாலை போட்ட தலையணைப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இன்னும் இருக்கிறது. செல்வி அதன்பிறகு இன்னொரு தடவையும் அந்த அம்மாவோடு போய்வந்துவிட்டாள். நான் இன்னும் ஹைதராபாத்தைப் பார்க்கவில்லை. அடுத்த தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். எங்கே போவது, எப்போது சாப்பிடுவது என்று நான் ஒன்றும் கேட்கக் கூடாதாம். தலைக்கு அவளே சேலையைச் சுருட்டித் தருவாளாம்.