மிளகுத் தோட்டத்துக் கான்கள்

கலகெதர,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மருமகன் அம்பிகைபாகனுக்கு,

மாமி மங்களேஸ்வரி எழுதுவது. ஊரடங்கு இல்லாத நேரங்களில் நான் சுகம். நீயும் அவ்வாறே இருக்க அம்மனை மன்றாடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கண்டியில் நம் உறவினர் சொல்லித் திரிவதுபோல் நான் பதுங்குகுழி வெட்டவில்லை. யுத்தம் வடக்கில் நடக்கிறது. என் மிளகுத் தோட்டம் இங்கே இருக்கிறது. நான் வெட்டுவித்தது மழைநீர் வடியும் கான். வெட்டச் சொன்னவனே நீதான். மண்பாதுகாப்பு உத்தியோகத்தனாகச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டே, “மாமி, சரிவு நிலத்துக்குக் குறுக்கால கான் வெட்டாட்டி சட்டப்படி குற்றம். சொந்தமெண்டும் பாக்கமாட்டன்” என்றாய். மஹய்யாவையிலிருந்து பழனியாண்டியைக் கூப்பிட்டு, நீ சொன்ன ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டுவித்தேன். பதுங்குகுழி என்று யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். சார்ஜன் ஜீப்பில் வந்து இறங்கி, “நோனா, இதுக்குள்ள ஆள் படுக்கலாம்” என்றார். “மண்ணு அடிச்சிக்கிட்டுப் போகாம இருக்கத்தாங்க ஐயா” என்றான் பழனியாண்டி. அவர் நம்பவில்லை. “அப்படியெண்டால் படுத்துக் காட்டும்” என்றேன். மனுஷன் படுத்தார். வயிறு முழுவதும் வெளியே நின்றது. கூட வந்த கொன்ஸ்தாபிள் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார். எழுந்த சார்ஜன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாக் கானையும் மூடவேண்டும் என்று கட்டளையிட்டு, முதுகில் மண்ணோடு போனார். மூடினால் நீ வழக்குப் போடுவாய், மூடாவிட்டால் அவர் பிடித்துக்கொண்டு போவார். அதைவிட, மூடினால் அடுத்த மழைக்கு என் மண்ணெல்லாம் போன வருடம்போல் கீழ்வீட்டு றம்லத்தின் கிணற்றில்தான் இறங்கும். அவள் பிள்ளைகள் சேற்றுத் தண்ணீரைச் சீலையில் வடித்துக் குடித்ததை நான் மறக்கவில்லை. நீ வாயால் சொன்னது சார்ஜனுக்குக் காணாதாம், கானை மூடாமல் விட முத்திரை குத்திய கடிதம் வேண்டுமாம். சிங்களத்தில், தட்டச்சில் அனுப்பு. உன் எழுத்தை எந்த மொழியிலும் வாசிக்க முடியாது.

லீலாதேவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். அடுத்த முறை சப்பாத்தை வாசலில் கழற்று.

இப்படிக்கு,
மாமி மங்களேஸ்வரி

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லி றம்லத்திடம் கொடுக்கத் தோட்டத்தில் இறங்கினேன். சந்திப் பக்கம் பெரிய வெடிச்சத்தம். “அம்மோவ், படுங்க! கானுக்குள்ள படுங்க!” என்று அவள் என்னை இழுத்தாள். இருவரும் படுத்தோம். பிறகுதான் தெரிந்தது, லொறி டயர். கடிதத்தில் மண் பட்டிருப்பது அதனால். என் வயிறு வெளியே நிற்கவில்லை. இதை நம் உறவினரிடம் மூச்சுவிடாதே. இனி இந்தக் கான்களை மூட நான் விடப்போவதில்லை. ஞாயிறுக்கு முன் எழுத்தில் பதில் அனுப்பு.