தகராறு ஏதும் உண்டா?

'பக்கத்து வீட்டாருடன் தகராறு ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுத, விளக்கம் என்பவர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் எழுதவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி மூடினார். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் வீடும் நட்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் தப்பியிருக்கும் என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

விளக்கம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், இழப்பீடு கேட்டு வந்த மனுக்களின் மேல் 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். கடை எரிந்து வந்து நின்ற ஒருவரிடம், தீ இடமிருந்து வலமாகப் போனதா, வலமிருந்து இடமாகவா என்று கேட்டவர். அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் ஓய்வு பெற்ற அன்று மாலையோடு அவர் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்போது வீட்டை விற்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதென்றால் பாதியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மகள் இருக்கும் ஊரில், லிப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டை வாங்க ஒரு இளம் தம்பதி தயார். அவர்களுடைய வக்கீலம்மா அனுப்பியவைதான் இந்தக் கேள்விகள். விற்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும், பொய்யென்று பின்னால் தெரிந்தால் அவர்தான் பொறுப்பு என்று அடியில் அச்சிட்டிருந்தது. அதைப் படித்ததும் விளக்கத்துக்குப் பழைய ரத்தம் துள்ளியது.

"இல்லைன்னு எழுதிட்டு சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

"நமக்கு டாக்டர் மேல ஒண்ணும் இல்ல. அவருக்கு நம்ம மேல ஏதாவது இருந்தா?"

"இத்தனை வருஷமா பேசிப் பழகிட்டுத்தானே இருக்கோம்?"

"பேசாம வச்சிருக்கிற விஷயம்னு ஒண்ணு இருக்கும்ல?"

மனைவி தட்டை மூடி வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். ஒரே கட்டடக்காரர் ஒரே அச்சில் வார்த்து ஒட்டினாற்போல் கட்டி விற்ற இரண்டு வீடுகள் அவை. கிழக்கே விளக்கம், மேற்கே டாக்டர். நடுவில் எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஒரு மதில் சுவர். டாக்டர் முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். விளக்கம் போனபோது நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். நமக்குள்ள ஏதாவது தகராறு இருக்கா?"

டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். "ஏன் சார், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை, சும்மா உறுதி செய்துகொள்ளத்தான் என்று விளக்கம் விளக்கினார். சும்மாவா என்று டாக்டர் கேட்டார். சும்மாதான் என்றார் இவர். வாயைத் திறந்து வைத்திருந்தவர் கண்ணை மட்டும் அங்கும் இங்கும் உருட்டி இருவரையும் பார்த்தார். அப்படியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னார். சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அதாவது, இருந்ததாக விளக்கத்துக்குப் பட்டது.

"மனசுல எதையும் வச்சுக்காம சொல்லலாம்" என்று வாசலில் நின்று மறுபடி ஒருமுறை கேட்டார்.

அவ்வளவு வருந்திக் கேட்ட பிறகு ஒன்றுமே சொல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்று டாக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். யோசித்துத் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மழை பெய்தால் விளக்கத்தின் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக வந்து தன் பக்கச் சுவரில் தெறிக்கிறது, சுண்ணாம்பு உரிகிறது. பெரிய விஷயம் இல்லை.

ஆக, இருக்கிறது. 'இல்லை' என்று எழுதியிருந்தால் பொய்ச் சாட்சி ஆகியிருக்குமே என்று விளக்கம் மெய்சிலிர்த்துப்போனார். உடனே குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டுக் குழாயின் வாயை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவரே கீழே நின்று கையைக் காட்டிச் சொன்னார். அடுத்த மழையில் தண்ணீர் சுவரில் தெறிக்கவில்லை. டாக்டர் வாசலில் நோயாளிகளுக்காகப் போட்டிருந்த தகரக் கூரையின் இடுக்கில் புகுந்து, பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மடியில் விழுந்தது.

டாக்டர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அந்தக் குழாய் யாருடைய சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டார்.

விளக்கத்தின் முகம் மலர்ந்தது. காரணம், தாளில் அடுத்த கேள்வியே அதுதான். 'எல்லைச் சுவர் யாருடையது?'

அந்தச் சுவரில் நெடுக ஒரு விரிசல். ஆகையால் ஆரம்பத்தில் இரண்டு பேருமே தாராளமாக இருந்தார்கள். சுவர் உங்களுடையதுதான் சார் என்று டாக்டர் விட்டுக்கொடுத்தார். சேச்சே, உங்களுடையது டாக்டர் என்று விளக்கம் திருப்பிக் கொடுத்தார். உண்மையை எழுத வேண்டுமே என்று அவர் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். சுவர் யாருடையதோ, அது நிற்கிற மண்ணும் அவருடையதுதான் என்று அந்த அம்மா பாவம் ஒரு பொதுவான பதிலைச் சொல்லி வைத்தார்.

விளக்கம் அதை அப்படியே போய் டாக்டரிடம் ஒப்பித்தார். மறுநாள் காலையிலிருந்து சுவர் இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிட்டது.

டாக்டர் சுவரின்மேல் பூத்தொட்டிகளை வைத்தார். விளக்கம் துணி காயப்போட்டார். டாக்டரின் மனைவி சுவருக்கு மேலே எட்டி, "அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று இவர் மனைவியிடம் விசாரித்தாள். அதை மனைவி வந்து சொன்னபோது, அது எதிர்த்தரப்பின் உத்தி என்றார் விளக்கம். பழைய புத்தகக் கடையில் ஒரு சொத்துச் சட்டப் புத்தகம் வாங்கி வந்து, கீழே கோடு போட்டுப் படித்தார். படித்ததில் பாதி புரியவில்லை. புரியாத பாதியைத்தான் அதிகம் எடுத்துச் சொன்னார்.

நடுவில் அவருக்குப் பல்வலி வந்தது. சாதாரண வலி இல்லை. தாடையிலிருந்து காதுக்குள் போய்த் திரும்பும் வலி. இதுவரை அவர் பற்களையெல்லாம் பார்த்துவந்த டாக்டர் பத்தடியில் இருந்தார். அந்தப் பத்தடியைக் கடந்தால் சுவரை விட்டுக்கொடுத்தது போலாகிவிடும் என்று வழக்கு மனம் சொன்னது. பஸ் ஏறி ஊரின் மறு கோடியில் முன்பின் தெரியாத ஒரு பல் மருத்துவரிடம் போனார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மற்ற பற்களை அடைத்தவர் யார், இவ்வளவு நேர்த்தியான வேலையைத் தான் பார்த்ததே இல்லை என்று மெச்சினார். பிறகு வலிக்கிற பல்லைப் பிடுங்கினார். கன்னம் வீங்கி வீடு திரும்பியவரைப் பார்த்து மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் விளக்கம் சொல்ல முடிந்திருக்காது. அன்று சாயங்காலம் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோது, மனு எழுதி வந்த எத்தனையோ பேருடைய முகம் தன்னுடையதைப் போலத்தான் இருந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அதிக நேரம் தங்கவிடவில்லை.

வாங்க வந்த தம்பதி வீட்டை இன்னொருமுறை பார்க்க வந்தார்கள். சுவரின் இந்தப் பக்கம் ஈரத்துண்டு, அந்தப் பக்கம் தொட்டி, மேலே யாரையோ குறிபார்த்து நிற்கும் குழாய். இங்கே ஏதாவது பிரச்சினையா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். விளக்கம் உண்மை விளம்பி ஆயிற்றே. உட்கார வைத்து ஆதியிலிருந்து சொன்னார். அவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டோடு எழுத்துப்பூர்வமாக ஒரு சமரசம் ஆகாவிட்டால் அவர்கள் வாங்க மாட்டார்கள் என்று வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது.

மனைவி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு லிப்ட் வேண்டாம்ங்க. கீழேயே பாயைப் போட்டுப் படுத்துக்கிறேன். அவங்களோட பழையபடி பேசினா போதும்."

விளக்கத்துக்குச் சுருக்கென்றது. எப்படியாவது முடித்துக் காட்டுகிறேன் என்றார். அவர் முடித்துக் காட்டிய விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சமரசப் பத்திரத்தைத் தன் கைப்படத் தானே எழுத உட்கார்ந்தார்.

எழுத எழுதச் சட்டம் அவருக்குள் ஊறியது. சுவரும் அது நிற்கும் மண்ணும் முழுக்கக் கிழக்கு வீட்டுக்கே சொந்தம். விரிசலை அடைப்பது, வெள்ளையடிப்பது, விழுந்தால் கட்டுவது எல்லாம் மேற்கு வீட்டின் பொறுப்பு. கிழக்கு வீட்டு மழைத்தண்ணீர் எங்கே விழுந்தாலும் மேற்கு வீடு முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேற்கு வீட்டு வாசலின் தகரக் கூரையை அதன் சொந்தக்காரர் தன் செலவில் பிரித்துவிட வேண்டும். யார் குடியிருந்தாலும், யார் வாங்கினாலும் விற்றாலும், இந்த நிபந்தனைகள் அந்தந்த வீட்டின் சொந்தக்காரரை என்றென்றைக்கும் கட்டும். எந்தக் காலத்திலும் யாரும் இதை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது. கடைசி வரியை எழுதி முடித்ததும் அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்து ருசித்தார்.

"இதுக்குப் பேரு சமரசமா?" என்றாள் மனைவி. "அந்த மனுஷன் இதுல எப்படிங்க கையெழுத்துப் போடுவாரு?"

டாக்டர் போட்டார். அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் நோயாளிகள் சுவர் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பத்திரத்தை அவர் படிக்கக்கூட இல்லை.

"இதுல போட்டுட்டா இனிமே என்கிட்ட கேள்வி எதுவும் கேக்க மாட்டீங்கல்ல சார்?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இருவரும் போய்ப் பதிவு அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் டாக்டர் அவருடைய இன்னும் வீக்கம் வடியாத கன்னத்தைப் பார்த்துவிட்டு, யாரிடம் போனீர்கள் என்று மட்டும் கேட்டார். விளக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் கேட்பதாக இருந்தால் அதுவும் ஒரு கேள்விபோல ஆகிவிடுமே என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

பத்திரத்தைப் பார்த்த வக்கீலம்மா, இவ்வளவு உறுதியான ஒன்றைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார். தம்பதிக்கும் திருப்தி. இனி ஒரே ஒரு சடங்கு பாக்கி: விற்கிற இடத்தை ஒரு சர்வேயர் வந்து அளந்து, மூலப்பத்திரத்தோடு ஒத்துப்பார்த்து ஒரு சான்று தர வேண்டும். வழக்கமானதுதான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றார்கள்.

சர்வேயர் காலையிலேயே வந்தார். அதிகம் பேசாதவர். நாடாவை இழுத்து இழுத்து இந்த வீட்டை அளந்தார். தெருமுனை வரை போய் அங்கிருந்து அளந்தார். பிறகு அனுமதி கேட்டுக்கொண்டு டாக்டர் வீட்டையும் அளந்தார். தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்த ஆட்கள் அவருக்கு வழிவிட்டார்கள். டாக்டர் முகக்கவசத்தோடு வாசலில் வந்து நின்றார். இரண்டு மனைவிமார்களும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று, கொஞ்சம் தயங்கிவிட்டு, பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். விளக்கத்துக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. என்னதான் இருந்தாலும், எழுத்தில் கறாராக இருந்ததால்தானே இந்த அமைதி வந்தது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

சர்வேயர் மூலப்பத்திரத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அளவு சரியா இருக்கா?" என்றார் விளக்கம்.

"அளவெல்லாம் சுத்தமா இருக்கு சார், உங்க சமரசப் பத்திரத்துலயும் யாராலயும் கை வைக்க முடியாது, ஆனா வித்தப்போ அந்தக் கட்டடக்காரர் சாவியை மாத்திக் கொடுத்திருக்காரு, மேற்கு வீடுதான் உங்களோடது, இத்தனை வருஷமா நீங்க குடியிருக்கிறது டாக்டர் வீடு."